பக்கத்து வீட்டு நாற்றம்

ரப்பர் விலை ஏறி, ஊரில் எல்லோரும் கொஞ்சம் தலைகால் தெரியாமல் திரிந்த காலம் அது. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அப்போது நான் கோலாலம்பூரில் ரயில்வே கிராணி, ஊர்ப்பேச்சில் குமாஸ்தா. குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தேன். வரிசையாக எட்டு வாசல், எட்டுக்கும் ஒரே தகரக் கூரை. நடுவில் இருக்கும் பலகைத் தடுப்பு கூரைவரை எட்டாது. அதனால் ஒரு வீட்டில் தாளித்தால் மூன்றாவது வீட்டுக்காரருக்குத் தும்மல் வரும். என்னுடையது நாலாவது வாசல். ஐந்தாவதில் ஒரு சீனக் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, நாலு பிள்ளைகள், புருஷனின் கண் தெரியாத தாய். சோயா மொச்சையை ஊறப்போட்டு, கல்லில் அரைத்து, தௌஹு கட்டிகளாக்கிப் பாசாரில் விற்பதுதான் அவர்கள் பிழைப்பு.

என்னைப் பற்றி ஒரு ரகசியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நான் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோர ஊர்க்காரன். பால் மறந்த நாளிலிருந்து மீன் தின்று வளர்ந்த உடம்பு. ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் சுத்த சைவம். வந்த புதிதில் பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு பஜனைக்குப் போய்க் கொஞ்சம் குரலெடுத்துப் பாடினேன். பாட்டு முடிந்ததும் சபைத் தலைவர், "ஐயா சைவந்தானே?" என்று கேட்டார். அவர் கேட்ட தோரணையில் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டல் என்னை நாலு வருஷம் ஆட்டி வைத்தது. மறு வருஷமே சபைக்குக் காரியதரிசி ஆகிவிட்டேன். லயங்களில் குடியிருக்கும் கூலி ஆட்கள் கருவாடு தின்பதைப் பற்றி மேடையில் முகஞ்சுளித்துப் பேசும் அளவுக்கு முன்னேறினேன்.

முகஞ்சுளித்த அதே வாய்க்கு மாதம் இரண்டு முறையாவது கருவாடு வேண்டியிருந்தது. ஊரிலிருந்து கப்பலில் வருகிற ஆட்களிடம் ரகசியமாகச் சொல்லி விட்டு வரவழைப்பேன். வரவழைப்பது சுலபம், வாடையை என்ன செய்வது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஐந்தாம் வீட்டில் மீன் பொரிக்கிற சத்தம் கேட்டால்தான் எங்கள் அடுப்பில் சட்டி ஏறும். அவர்கள் பொரித்து முடிப்பதற்குள் நாங்களும் முடித்துவிடுவோம். தெருவில் போகிற சபைக்காரர் யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீனன் வேலையைக் காட்டிட்டான் பாருங்க" என்பார். நான் வாசலில் நின்று, என்ன செய்வது, நம் தலையெழுத்து என்கிற பாவனையில் கையை விரிப்பேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. அவங்க பாவம் என்பாள். சீனனுக்கு இதெல்லாம் உறைக்காது என்று நான் சொல்லுவேன். எப்படித் தெரியும் என்று அவளும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

அந்த வருஷம் அவள் முதல் பிரசவத்துக்குக் கிள்ளானில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மூன்று வேளையும் சாப்பாட்டுக் கடையில் சைவச் சாப்பாடு சாப்பிட்டு, நிஜமாகவே சைவமாகிக்கொண்டிருந்தேன். ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் கொண்டுவந்து விடுவதாக மாமனார் எழுதியிருந்தார். அதற்குச் சில வாரம் முன்பு மழை பிடித்துக்கொண்டது. மழையோடு சேர்ந்து ஒரு நாற்றமும் வந்தது.

நாற்றம் என்றால் சாதாரண நாற்றம் இல்லை. முதலில் யாரோ ஈரச் சாக்கை மூலையில் போட்ட மாதிரி இருந்தது. நாலு நாளில் வயிற்றைப் புரட்டியது. ஆபீசிலிருந்து வந்து கதவைத் திறந்தால் அது எதிரே வந்து வரவேற்கும். வெற்றிலைக் கொடி மாதிரி பலகைச் சந்தெல்லாம் ஏறிப் படர்ந்து வரிசை முழுக்கப் பரவியது. எங்கிருந்து வருகிறது என்று நான் தேடவே இல்லை. தேடுவதற்கு என்ன இருக்கிறது? பக்கத்தில் சீனன் இருக்கிறான். மொச்சையை அழுக வைக்கிறான். வேறு காரணம் வேண்டுமா?

வரிசையில் இருந்த மற்றவர்களுக்கும் காரணம் தேவைப்படவில்லை. முதல் வீட்டு யாழ்ப்பாணத்துக் கிராணி, அவர்கள் பாம்பை ஜாடியில் ஊறப்போடுவதாகச் சொன்னார். எட்டாம் வீட்டு மலையாளக் கம்பவுண்டர், பாம்பு இவ்வளவு நாறாது, அது பன்றிக் குடல் என்று தொழில் தெரிந்தவர் போல அடித்துச் சொன்னார். பஞ்சாபிக் காவற்காரர் ஒருவர் பெயர் தெரியாத ஒரு பிராணியைக் கைகளால் வரைந்து காட்டினார். ஒருவரும் ஐந்தாம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

என் பிள்ளை இந்த நாற்றத்திலா வந்து இறங்க வேண்டும் என்று எனக்குக் கோபம் பொங்கியது. எனக்குக் கோபம் வந்தால் நான் கை ஓங்குவதில்லை, பேனாவை எடுப்பேன். பிரிக்ஃபீல்ட்ஸில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடந்தான் வருவார்கள். என் இங்கிலீஷ் அப்படி. வெறும் கையால் திறக்க முடியாத கதவெல்லாம் என் மனுவுக்குத் திறக்கும் என்று எனக்கு ஒரு பெருமை. சுகாதார இலாகாவுக்கு மூன்று பக்கம் எழுதினேன். 'ஒரு சீனன்' என்று தொடங்கி, அவனால் இந்த வட்டாரத்துக் கண்ணியமான குடும்பங்களின் உயிருக்கே ஆபத்து என்று வளர்த்து, கைக்குழந்தை ஒன்று வரவிருப்பதையும் உருக்கமாகச் சேர்த்து, மிகவும் கீழ்ப்படிந்த ஊழியர்கள் என்று முடித்தேன். என்னுடையதோடு சேர்த்து ஏழு கையெழுத்து ஆயிற்று. அதைப் பத்தாக்கலாம் என்று, ரயில் பாதை வேலை செய்யும் மூன்று ஆட்களைக் கூப்பிட்டு ரேகை வாங்கினேன். வேறு நாளாக இருந்தால் அவர்களை வாசற்படி தாண்ட விட்டிருக்க மாட்டேன். அன்று பாய் போட்டு உட்கார வைத்தேன். அவர்களுடைய கட்டைவிரல் எனக்குத் தேவைப்பட்டது.

மனு போன வேகம் எனக்கே ஆச்சரியம். பத்தாம் நாள் காலை சுகாதார இலாகா துரை ஒருவர் நேரில் வந்து இறங்கினார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் காரை விட்டே இறங்கினார். நான் கோட்டு மாட்டிக்கொண்டு எதிர்கொண்டேன். மனு எழுதியது நீயா, நல்ல இங்கிலீஷ் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் மேசை நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டேன்.

துரை ஐந்தாம் வீட்டுக்குள் போனார். பின்னால் நானும் வாசல்வரை போனேன். நாலு வருஷத்தில் அன்றுதான் முதன்முதலாக உள்ளே பார்த்தேன். தரை கழுவி விட்டுப் பளிச்சென்று இருந்தது. அரைகல், மரப் பெட்டிகள், வெள்ளைத் துணிகள், எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தன. கண் தெரியாத கிழவி ஒரு மூலையில் மொச்சையிலிருந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தைவிட அது சுத்தம் என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் நாற்றம் அங்கேயும் இருந்தது. துரைக்கு அது போதும். சீனர் பாசாருக்குப் போயிருந்தார். அவர் மனைவி மலாயில் என்னவோ சொன்னார். இது எங்கள் வீட்டுடையது இல்லை, எங்களுக்கும் நாறுகிறது என்று அவர் சொல்கிறார் என எனக்குப் புரிந்தது. துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மையிலேயே பேனாவை நனைத்து நோட்டீஸ் எழுதத் தொடங்கினார். ஒரு வாரத்துக்குள் கல்லும் சாமானும் எல்லாம் வெளியேற வேண்டும், தொழிலை அங்கே செய்யக் கூடாது. தொழில் போனால் வீட்டு வாடகை ஏது? ஏழு பேரும் தெருவுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. என் மனைவி குழந்தையோடு இறங்கினாள். மாமனாருக்குக் காய்ச்சல் என்பதால் மைத்துனன் அழைத்து வந்திருந்தான். அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்க அதே வண்டியில் திரும்பிவிட்டான். நான் என் மகனை முதன்முதலாகப் பார்க்கிறேன். ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவள் குழந்தையைக் கொடுக்கவில்லை. மூக்கை ஒரு தரம் உறிஞ்சினாள், இரண்டாம் தரம் உறிஞ்சினாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில் கேட்டாள்:

"என்னங்க, பரண்ல இருந்த அந்த டின்ன வெயில்ல வெச்சீங்களா இல்லியா?"

ஐந்து மாதத்துக்கு முன்பு ரயிலடியில், வண்டி நகர்கிறபோது அவள் சன்னல் வழியாகச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊரிலிருந்து இரண்டு டின் கருவாடு வந்திருந்தது. சபைத் தலைவர் திடீரென்று வீட்டுக்கு வந்ததால் ஒன்றைப் பரணில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தோம். வாரம் ஒரு தரம் எடுத்து வெயில் காட்டுங்கள் என்று அவள் சொல்ல, நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். பரணுக்கு நேர் மேலே தகரம் ஒழுகும் என்பதும் எனக்குத் தெரிந்த விஷயந்தான்.

துரைக்குத் தமிழ் தெரியாது. அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் ஐந்தாம் வீட்டு அம்மாளுக்குத் தமிழ் தெரியும். தமிழர் தெருக்களில் கூவி விற்றுப் பழகிய தமிழ். அவர் தன் வாசலில் நின்றபடி என் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கே நின்றவர்களில் துரையிடம் இங்கிலீஷில் பேசக்கூடியவன் நான் ஒருவன்தான். என் வாய் திறக்கவில்லை. சபை, காரியதரிசிப் பதவி, திருநீறு, நல்ல இங்கிலீஷ் என்று சொன்ன துரை, எல்லாம் சேர்ந்து என்னைத் தடுத்துவிட்டன. துரை எழுந்தார், நோட்டீஸை அந்த அம்மாள் கையில் கொடுத்தார், காரில் ஏறிப் போய்விட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

உள்ளே போனதும் மனைவி குழந்தையைப் பாயில் விட்டு, ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தி, ஏறுங்கள் என்றாள். ஏறினேன். டின்னைத் தொட்டதும் அது லேசாக அசைந்தது. உள்ளே இருந்தவற்றுக்கெல்லாம் உயிர் வந்திருந்தது. அதை இறக்கிய விதத்தை விவரித்தால் நீங்கள் இன்று சாப்பிட மாட்டீர்கள். பின்பக்கத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தேன். கோட்டோடு குளித்தேன். வெளியே வந்தால் மனைவி, "நீங்களே போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள். நோட்டீஸ் கதையை அதற்குள் அவள் மூன்றாம் வீட்டில் கேட்டறிந்திருந்தாள். மூன்று பக்க மனுவின் நகல் ஒன்றைப் பெருமைக்காக நான் மேசையிலேயே வைத்திருந்ததையும் பார்த்துவிட்டாள்.

போனேன். சீனர் பாசாரிலிருந்து வந்திருந்தார். கையில் நோட்டீஸை வைத்துக்கொண்டு படிக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அசடு வழிய நின்று, தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். டின்னைச் சொன்னேன். மனுவையும் சொன்னேன். அந்த அம்மாள் புருஷனுக்கு அவர்கள் பாஷையில் எடுத்துச் சொன்னார். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மாள் தடுப்புப் பலகையைக் காட்டினார். மேலே இருந்த சந்து முழுக்கப் பழைய சாக்குகளை முறுக்கித் திணித்திருந்தார்கள்.

"நாங்க ஒங்க சாமிக்கு ஏதோ வெச்சிருக்கீங்கன்னு நெனச்சோம், கிராணி. வீட்டுல பிள்ள பொறந்திருக்கில்ல, ஒங்க ஜனங்க அப்படிச் செய்வீங்கன்னு இவரு சொன்னாரு. அதான் ஒண்ணும் கேக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. பிள்ளை பிறந்தால் தமிழன் எதையாவது அழுக வைத்துக் கும்பிடுவான் என்று அவர்கள் நம்பியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாங்கள் நம்பிய பாம்புக்கும் குடலுக்கும் இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஆனால் அப்படி நம்பிக்கொண்டு அவர்கள் சாக்கை அடைத்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று வாரம் பொறுத்தார்கள். நான் மனு எழுதினேன்.

அன்று மத்தியானமே இரண்டாவது மனு எழுத உட்கார்ந்தேன். முதல் மனு எழுதும்போது ஓடிய பேனா இதில் நகரவே இல்லை. என் வீட்டில்தான் நாற்றம் என்பதை இங்கிலீஷில் எவ்வளவு கௌரவமாகச் சொன்னாலும் அது நாற்றமாகவே இருந்தது. ஒருவழியாக அதை எழுதிக் கடந்து, 'யாதொரு குற்றமும் செய்யாத என் அண்டை வீட்டுக்காரர்' என்று எழுதிவிட்டு, அடுத்து அவர் பெயரை எழுதப் போனேன். பேனா நின்றது. எனக்கு அவர் பெயர் தெரியாது. நாலு வருஷம், நடுவில் ஒரு பலகை, அவர்கள் அடுப்பை நம்பி எங்கள் அடுப்பு எரிந்திருக்கிறது, பெயர் தெரியாது. முதல் மனுவுக்கு 'ஒரு சீனன்' போதுமாக இருந்தது. இதற்குப் போதவில்லை.

மறுபடியும் எழுந்து போய், வாசலில் நின்று, உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். அவர் சொன்னார். எனக்குச் சரியாக வரவில்லை. மூன்று தரம் சொல்ல வைத்துத் தமிழில் எழுதிக்கொண்டேன். அந்த அம்மாள் உள்ளேயிருந்து, என் பெயரையும் என் மனைவி பெயரையும் அப்பன் பெயர் முன்னெழுத்தோடு சொல்லி, பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டார்.

அடுத்த வேலை இன்னும் கஷ்டம். முதல் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் இதிலும் போட்டால்தான் இலாகா நம்பும். வாசல் வாசலாகப் போய், ஐயா, நான் சைவம் இல்லை, அது என் கருவாடு என்று ஆறு முறை சொன்னேன். யாழ்ப்பாணத்துக் கிராணி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கம்பவுண்டர், பன்றிக் குடலும் கருவாடும் அழுகினால் ஒரே வாடைதான், அதனால் தான் சொன்னதிலும் தப்பில்லை என்று வாதாடிவிட்டுப் போட்டார். ரயில் பாதை ஆட்கள் மூவரையும் தேடி நானே அவர்கள் லயத்துக்குப் போனேன். அங்கே அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவர் விரலில் மையைத் தடவிக்கொண்டே, "கிராணி சார், ஒரு வாய் சாப்பிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சபையில் என் மானம் கப்பலேறும் என்று நினைத்து, அவர்கள் கேட்பதற்கு முன்பே காரியதரிசிப் பதவியை விடுவதாகச் சொன்னேன். மனு எழுத வேறு ஆள் இல்லாததால் ராஜினாமாவை ஒத்தி வைத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு சபையின் பெரிய மனிதர்கள் மூன்று பேர், தனித்தனியாக, அக்கம் பக்கம் பார்த்துவிட்டு என்னை ஓரங்கட்டி, அடுத்த கப்பல் எப்போது என்று விசாரித்தார்கள். அவர்களில் தலைவரும் ஒருவர்.

மனுவை நானே நேரில் எடுத்துக்கொண்டு துரையின் ஆபீசுக்குப் போனேன். அவர் படித்தார். நோட்டீஸை ரத்து செய்து ஒரு வரி எழுதினார். பிறகு, உன்னுடையதோ அவனுடையதோ, எனக்கு உங்கள் நாற்றமெல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். நான் குளித்து, சலவைக் கோட்டு போட்டு, சந்தனம் வைத்துக்கொண்டு போயிருந்தேன். என் முகம் சுருங்கிப் போயிற்று. ஐந்தாம் வீட்டை நான் எந்த உயரத்தில் நின்று பார்த்தேனோ, அதைவிட ஒரு படி மேலே நின்று அவர் எங்கள் எட்டு வாசலையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது படிக்கட்டில் இறங்கும்போதுதான் உறைத்தது. உறைத்தாலும், கையில் இருந்த அந்த ஒரு வரியைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

அவர்கள் அங்கேயே இருந்தார்கள். எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து நாங்கள் மாறிப் போகும்வரை, அதற்குப் பிறகும் பல வருஷம், அந்தக் கல் அங்கேயே அரைத்தது. நாங்கள் எங்களுக்குத் தோன்றிய நாளில் கருவாடு பொரித்தோம்.

இன்றைக்கும் என்னிடம் மனு எழுத வருகிறவர்கள் உண்டு. 'ஒரு மலாய்க்காரன்', 'ஒரு வங்காளி', 'ஒரு லயத்து ஆள்' என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். பெயர் என்ன என்று கேட்கிறேன். தெரியாது என்றால், கேட்டுக்கொண்டு வாருங்கள், பிறகு எழுதலாம் என்று அனுப்பிவிடுகிறேன். போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வருவதில்லை. இந்தக் கதையில் நான் யார் பெயரையும் எழுதவில்லை. ஆனால் ஐந்தாம் வீட்டில் இருந்த ஏழு பேரின் பெயரும் இன்று எனக்கு மனப்பாடம். கிழவியின் பெயர்தான் கடைசிவரை வாயில் சரியாக நுழையவில்லை, அதை நான் சொல்லும்போதெல்லாம் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார் என்பது, என் நல்ல இங்கிலீஷ் எனக்குத் தந்த எல்லாப் பெருமையையும்விட எனக்குப் பெரிதாக இருக்கிறது.